ஸ்டிக்கர் பெட்டிக்கோ, போர்டுக்கோ?

சித்திரை வெயிலில் ஓட்டோ ஒன்று கடை வாசலில் வந்து நின்றது. பின் இருக்கையில் ஒரு அக்கா, மடியில் பழைய நூல் சேலையால் சுற்றிய பெட்டி. ஓட்டோக்காரர் கை நீட்டியும் கொடுக்காமல் தானே தூக்கி வந்து என் மேசையில் வைத்தார். சேலையைப் பிரித்தால் பழுப்பேறிய ஒரு சிபியு. முகப்பில் ஃப்ளொப்பி வாய், பென்டியம் 2 என்ற மங்கிய ஒட்டு.

"தம்பி, இது அப்பாட மெசின். ஓட வைக்கேலுமோ?"

அவருடைய அப்பா திருமலையில் (திருகோணமலை) மத்திய வீதிக்குப் பின்னால் ஒரு சின்ன அச்சகம் வைத்திருந்தவர். கலியாண அட்டை, கோயில் துண்டுப்பிரசுரம், மரண அறிவித்தல், கல்வெட்டு. (கல்வெட்டு என்றால் தமிழ்நாட்டு வாசகர் கோயில் கருங்கல்லை நினைப்பார். எங்கள் பக்கத்தில் இறந்தவருக்கான கிரியையான அந்தியேட்டி அன்று கொடுக்கும் நினைவுப் புத்தகத்துக்கும் அந்தப் பெயர்தான்.) 1999இல் அக்காவின் அம்மா இறந்தபோது, அந்தக் கல்வெட்டை அப்பாவே எழுதி, அப்பாவே இந்த மெசினில் அடித்து, அப்பாவே அச்சடித்திருக்கிறார். அச்சடித்த பிரதிகள் அலுமாரியில் கறையானுக்குப் போய்விட்டன. இப்போது அப்பாவும் இல்லை. அவருடைய ஆண்டுத் திவசத்துக்கு இரண்டு பேரின் கல்வெட்டையும் ஒன்றாகப் போட வேண்டும் என்பது அக்காவின் ஆசை.

பெட்டியைத் திறந்தேன். இரண்டு பல்லி முட்டை, ஒரு கைப்பிடி தூசி. திருமலையில் கணினி திருத்துகிறவனுக்குக் கடல்தான் முதல் எதிரி, கரண்ட் அதற்குப் பிறகு. உள்துறைமுகப் பக்கக் காற்றும் ஒல்லாந்தர் குடாப் பக்கக் காற்றும் நகரத்துக்கு மேலால் ஒன்றையொன்று கடந்துதான் போகின்றன. இருபத்தைந்து வருடம் அந்தக் காற்றைக் குடித்த மதர்போர்டில், எல்லாச் சாமானும் பொருந்தும் அந்தப் பெரிய பலகையில், பச்சை பூத்திருந்தது. ப்ரொசசருக்குப் பக்கத்தில் இருந்த கெப்பாசிட்டர்கள் தலை வீங்கி, ஒன்றிரண்டு வெடித்தும் இருந்தன. போர்டு செத்துவிட்டது. ஹார்ட் டிஸ்க்கை மட்டும் தனியாகக் கழற்றி இணைத்துப் பார்த்தேன். முனகிக்கொண்டு சுற்றியது.

அந்த டிஸ்க்கை முதலில் அப்படியே ஒரு பிம்பமாகப் பிரதி எடுத்தேன். பழைய டிஸ்க் கையில் கிடைத்தால் இதைத்தான் முதலில் செய்ய வேண்டும். அதற்குள் இருக்கும் விண்டோஸை ஓடவிட்டுப் பார்க்கும் ஆசை வரும், அடக்கிக்கொள்ளுங்கள். அது ஒருமுறை எழும்பினாலே நூறு இடத்தில் எழுதும். சாகக் கிடக்கும் டிஸ்க்குக்கு அதுவே கடைசி ஓட்டமாகிவிடும்.

"டிஸ்க் உயிரோட இருக்குது அக்கா. போர்டுதான் போயிட்டுது. வேற போர்டு போட்டு ஓட வைக்கலாம்," என்று சொன்னேன். பிறகுதான் பெட்டியின் பின்பக்கம் கண்ணில் பட்டது. விண்டோஸ் 98 என்ற பெயர், மினுங்கும் பட்டி, நீளமான எண். கம்பெனியில் ஒட்டியபடி, ஒரு மூலைகூடக் கிளம்பாத உரிமச் சான்று ஸ்டிக்கர். அதைப் பார்த்ததும் கொஞ்சம் யோசனை வந்தது. அந்த ஸ்டிக்கரோடு எனக்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது.

சுனாமிக்குப் பிறகு 2005, 2006 காலத்தில் உப்புவெளியிலும் ஓர்ஸ் ஹில்லிலும் எந்தத் தெருவுக்குப் போனாலும் ஒரு தொண்டு நிறுவனப் பலகை தொங்கும். அதில் ஒரு நிறுவனத்தின் கணினிகளைப் பார்க்கும் வேலை எனக்குக் கிடைத்தது. பெட்டிகள் துருப்பிடித்துப்போக, உள்சாமான்களை எல்லாம் புதிய பெட்டிகளுக்கு மாற்றினேன். பழைய பெட்டிகளை எறியும்முன் பொறுப்பான பிள்ளையாக ஸ்டிக்கர்களை பிளேட்டால் உரித்து, ஒரு சிஆர் கொப்பியில் வரிசையாக ஒட்டி, பக்கத்தில் கணினி இலக்கமும் எழுதி வைத்தேன். கணக்காய்வுக்கு கொழும்பிலிருந்து ஒருவர் வந்தார். உரிமங்களைக் காட்டச் சொன்னதும் பெருமையோடு கொப்பியை நீட்டினேன். இரண்டு பக்கம் புரட்டிப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, முத்திரை சேர்க்கிறீங்களோ?" என்று கேட்டார்.

அவர் சொன்னதில் பிழையே இல்லை. அந்த ஸ்டிக்கர், அது ஒட்டியிருக்கும் கணினிக்கு மட்டும் சான்று. கொப்பியில் ஒட்டினால் அது எதற்கும் சான்றில்லை. அவர்கள் எல்லாவற்றுக்கும் புதிதாகக் காசு கட்டினார்கள். எனக்கு அந்த வேலையும் போயிற்று. அன்றிலிருந்து எந்தப் பெட்டியின் ஸ்டிக்கரிலும் நான் கை வைப்பதில்லை.

அக்காவின் பெட்டியோடு ஒரு பிளாஸ்டிக் பையும் வந்திருந்தது. ரசீது, பழைய மௌஸ், மஞ்சளாகிப்போன விண்டோஸ் கையேடு, அதன் கடைசிப் பக்கங்களில் பொடி எழுத்தில் லைசென்ஸ். இருபது வருடமாகக் கணினி திருத்துகிறேன், ஆனால் ஒரு லைசென்ஸை முழுதாக உட்கார்ந்து வாசித்தது அன்றுதான். மின்விசிறிக்குக் கீழே ஒரு பிளேன்டீயோடு, முக்கால் மணித்தியாலம்.

அந்தக் காலத்து விண்டோஸ் மூன்று விதமாக வந்தது. கடையில் பெட்டியாக வாங்குவது: ஒரு நேரத்தில் ஒரு கணினியில் போடலாம், பழையதிலிருந்து அழித்துவிட்டு வேறொன்றுக்கு மாற்றலாம். அப்கிரேட் பெட்டி: முன்னைய பதிப்பு உங்களிடம் இருந்தால்தான் அதற்கு மதிப்பு. மூன்றாவது ஓஈஎம், கணினியோடு சேர்ந்து வருவது. எங்கள் ஊரில் உண்மையான உரிமம் என்று ஏதாவது இருந்தால் அநேகமாக இந்த மூன்றாவதுதான். அதன் வாசகம் மென்பொருளையும் 'வன்பொருளையும்' ஒரே பொருளாகச் சேர்த்துக் கட்டிவிடுகிறது. அந்த வன்பொருளோடு மட்டும்தான் பாவிக்கலாம், தனியாகப் பிரிக்க முடியாது.

நல்லது. ஆனால் எது அந்த வன்பொருள்? மென்பொருளோடு வந்த கணினி என்கிறது. கணினி என்றால் பெட்டியா, போர்டா, டிஸ்க்கா? அந்தப் பக்கங்களில் அதற்கு ஒரு வரிகூட இல்லை.

அந்த நேரம் திருக்கடலூரிலிருந்து ஒரு மாமா, மகளின் லப்டொப்பை எடுக்க வந்தவர், நான் தலையைச் சொறிவதைப் பார்த்து என்னவென்று கேட்டார். சொன்னேன். சிரித்தார்.

"என்ட வள்ளத்துக்கு மூண்டு தரம் எஞ்சின் மாத்திட்டன். அணியம் உடைஞ்சு புதுசா ஃபைபர் அடிச்சன். நம்பர் அதே நம்பர்தான். வள்ளமும் அதே வள்ளம்தான்."

"வள்ளத்தையே புதுசா வாங்கி அந்த நம்பரை எழுதினா?"

"அது களவு, தம்பி."

சட்டப் புத்தகத்தில் தேடியிருந்தாலும் இவ்வளவு சுருக்கமாகக் கிடைத்திருக்காது. பிறகு பார்த்தால் மைக்ரோசொஃப்ட்டும் பின்னாளில் கணினி கட்டுவோருக்கு ஏறக்குறைய இதே கோட்டைத்தான் கிழித்திருக்கிறது. ராம், டிஸ்க், கார்டு எது மாற்றினாலும் அதே கணினி. போர்டு பழுதாகி அதற்குப் பதிலாக வேறு போட்டால் அப்போதும் அதே கணினி. கூடிய வேகத்துக்காகப் போர்டை மாற்றினால் அது புதிய கணினி, புதிய உரிமம் வேண்டும். இந்த விளக்கம் பிந்திய விண்டோஸ்களுக்காக வந்தது. 1998இல் அச்சடித்த கையேட்டுக்கு இதை நேராகப் பொருத்தலாமா என்று யாரும் தீர்ப்பு எழுதித் தரப்போவதில்லை. விண்டோஸ் 98க்கான ஆதரவு 2006 ஜூலை 11ஆம் திகதியோடு முடிந்துவிட்டது.

ஆகவே நானே ஒரு முடிவுக்கு வந்தேன். அதே பெட்டி, அதே டிஸ்க்கில் இருந்தவை, அதே பவர் சப்ளை. போர்டு மட்டும் மாறும். அதுவும் அதே தலைமுறைப் போர்டு, அதே ப்ரொசசரைத் தாங்குவது. பழைய போர்டை எறியாமல் ஒரு பையில் போட்டு, எந்தத் திகதியில் ஏன் மாற்றினேன் என்று ஒரு துண்டில் எழுதி, ரசீதோடு சேர்த்துப் பெட்டிக்குள்ளேயே வைப்பது. இது என் தீர்மானம்தான். சட்டத்தரணி யாரும் கையொப்பம் வைக்கவில்லை. ஆனால் நாளைக்கு யாராவது கேட்டால் என்ன நடந்தது என்று காட்ட ஒரு தடம் இருக்கும். கொப்பிக்காரன் என்று என்னைச் சிரித்த அந்தக் கணக்காய்வாளர் இதைப் பார்த்தால் என்ன சொல்லியிருப்பார் என்று நினைத்துக்கொள்வேன்.

இதில் ஒரு குறுக்குவழியும் இருக்கிறது, இணையத்தில் ஸ்டிக்கரை மட்டும் விற்கிறார்கள். சில வருடம் முன் அப்படி ஒன்றை நானும் வாங்கினேன், பெயர் வேண்டாம். கடித உறையில் வந்தது. திருப்பிப் பார்த்தால் அடியில் யாரோ ஒருவருடைய பெட்டியின் சாம்பல் நிறப் பெயின்ட் ஒட்டியிருந்தது. காசு போனதைவிட, என்னுடைய சிஆர் கொப்பியை நானே விலைகொடுத்து வாங்கியது போல இருந்ததுதான் கூடுதலாகச் சுட்டது.

சரி, போர்டு தேடும் வேலை ஒரு பக்கம் நடக்கட்டும். அக்காவுக்கு அவசரம் கல்வெட்டு. இங்கேதான் நான் வீணாக்கிய நான்கு நாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோப்பு பேஜ்மேக்கர் 6.5 என்ற, அச்சுப் பக்கம் அடுக்கும் மென்பொருளில் செய்தது. அதைத் திறக்கப் பேஜ்மேக்கர் வேண்டும், பேஜ்மேக்கருக்கு விண்டோஸ் 98 வேண்டும், விண்டோஸ் 98க்குப் போர்டு வேண்டும், போர்டுக்கு உரிமம் பார்க்க வேண்டும் என்று சங்கிலி போலக் கட்டிக்கொண்டு அலைந்தேன். ஐந்தாம் நாள்தான் மண்டையில் உறைத்தது. அக்காவுக்கு இரண்டு தேவை இருக்கிறது. ஒன்று அப்பாவின் மெசின், மற்றது அம்மாவின் கல்வெட்டு. கல்வெட்டுக்கு மெசின் வேண்டியதில்லை.

லிப்ரே ஒஃபிஸ் 2015இல் வந்த 4.4 பதிப்பிலிருந்து பேஜ்மேக்கர் கோப்புகளைத் திறக்கிறது. இலவசம், திறந்த மூலம், எந்தக் கணினியில் போடலாம் என்று யாரிடமும் கேட்க வேண்டாம். அடோபியின் பக்கம் அடுக்கும் மென்பொருளான இன்டிசைனும் சிஎஸ்6 பதிப்பு வரை இதைத் திறந்தது. டிஸ்க்கின் பிரதியிலிருந்து கோப்பை எடுத்து லிப்ரே ஒஃபிஸ் ட்ரோவில் போட்டேன். திறந்தது. முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் ஒரு ஆங்கிலக் குழப்பம்: எம், கே, ஓர் அரைப்புள்ளி, மறுபடி கே, பிறகு எச்.

இலங்கையில் அச்சகத்தில் வேலை செய்த எவருக்கும் அதை வாசிக்கத் தெரியும். பாமினி எழுத்துரு, யுனிகோடு (எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு) எங்கள் பக்கம் புழக்கத்துக்கு வருமுன் பாவித்தது. ஆங்கில விசைகளுக்கு மேல் தமிழைப் போர்த்திய ஏற்பாடு. எம் என்றால் அகரம், கே என்றால் மகரம், அரைப்புள்ளி என்றால் மேலே குத்தும் புள்ளி, எச் என்றால் கால். அக்கா பக்கத்தில்தான் நின்றார். அப்பாவின் டிஸ்க்கிலேயே இருந்த பாமினி எழுத்துருவை நிறுவிவிட்டு மறுபடி திறந்தேன். எம்கே அரைப்புள்ளி கேஎச் இருந்த இடத்தில் "அம்மா" என்று வந்தது. அக்கா கதிரையை இழுத்து உட்கார்ந்துகொண்டார். நான் பிளேன்டீ சொல்லப் போகிறேன் என்று வெளியே போய்ப் பத்து நிமிடம் கழித்துத்தான் வந்தேன்.

பந்திகள் கொஞ்சம் இடம் பெயர்ந்திருந்தன, பூ வேலைப்பாட்டுச் சட்டம் ஒரு மூலையில் குவிந்து கிடந்தது. ஆனால் ஒரு எழுத்தும் தவறவில்லை. அதை யுனிகோடுக்கு மாற்றி, ஒரு அச்சக நண்பரிடம் கொடுத்து வடிவாக அடுக்கச் சொன்னோம்.

பேஜ்மேக்கர் உரிமத்தையும் சொல்லிவிட வேண்டும். பையில் இருந்த சீடியில் கறுப்பு மார்க்கரால் 'பிஎம் 6.5' என்று எழுதியிருந்தது. அந்தக் காலத்தில் எல்லா அச்சகத்திலும் அப்படித்தான். அந்தச் சீடியிலிருந்து நான் எதையும் நிறுவவில்லை. டிஸ்க்கில் ஏற்கெனவே இருந்ததை நான் அழிக்கவுமில்லை. அது அவருடைய அப்பா வேலை செய்த மேசை. அதில் காசுக்கு வேலை எதுவும் செய்ய வேண்டாம் என்று மட்டும் அக்காவிடம் சொன்னேன். இது முழுக்கச் சுத்தமான பதில் இல்லை என்று எனக்குத் தெரியும்.

டிஸ்க்கைப் பிரதி எடுத்தது சரியா என்று கேட்பவர்களும் உண்டு. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இதில் கொஞ்சம் தாராளம். முறைப்படி ஒரு நிரலின் பிரதியை வைத்திருப்பவர், அதைக் காப்பகத்துக்காகவும், அது தொலைந்தால் அல்லது பழுதானால் ஈடுசெய்யவும் ஒரு பிரதி எடுக்கலாம். ஒன்று. நண்பர்களுக்கு ஆளுக்கொன்று என்ற கணக்கு அதில் வராது. கைவிடப்பட்ட மென்பொருள் என்று ஒரு வகை சொல்கிறார்களே, கம்பெனி விற்பதை நிறுத்திவிட்டால் எல்லாருக்கும் பொது என்று, அப்படியொரு அறையே இந்தச் சட்டத்தில் கிடையாது. எழுதியவர் இறந்து எழுபது வருடம் என்பது பொது அளவு. விண்டோஸ் 98 அந்த வழியாக விடுதலையாகும்போது என் பேரப்பிள்ளைகள் பென்சன் எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

போர்டு கிடைத்தது உவர்மலைப் பக்கம், ஒரு ஓய்வுபெற்ற எழுதுவினைஞர் வீட்டில். பெட்டி துருப்பிடித்து விழுந்துபோக, போர்டைக் கடதாசியில் சுற்றி மேல்தட்டில் போட்டு வைத்திருந்தார். பொருத்தி, டிஸ்க்கின் பிரதியை, டிஸ்க்குக்குப் பதிலாகப் பொருத்தும் சின்ன நினைவக அட்டையான சிஎஃப் அட்டை ஒன்றில் ஏற்றி ஓடவிட்டேன். நீலத் திரை. எதிர்பார்த்ததுதான், விண்டோஸ் பழைய போர்டைத் தேடுகிறது. அத்தியாவசியமானதை மட்டும் ஏற்றும் சேஃப் மோடில் போய், சாமான்களின் பட்டியலான டிவைஸ் மேனேஜரில் பழைய போர்டுக்குரியவற்றை எல்லாம் அழித்துவிட்டு மறுபடி தொடங்கினால், ஒவ்வொரு சாமானாகக் கண்டுபிடித்துச் சீடியைக் கேட்கும். சீடி கையில் இல்லை.

இந்த இடத்தில்தான் முக்கால்வாசிப் பேர் இணையத்தில் ஒரு ஐசோவை, அதாவது முழுச் சீடியின் பிரதிக் கோப்பை, இறக்குவார்கள். கொஞ்சம் பொறுங்கள். கணினியோடு வந்த விண்டோஸ் 98களில் பலவற்றில் நிறுவல் கோப்புகளை டிஸ்க்கிலேயே வைத்துத்தான் அனுப்பினார்கள். விண்டோஸ் கோப்புறைக்குள் ஆப்ஷன்ஸ், அதற்குள் கேப்ஸ். போய்ப் பார்த்தேன், எல்லாம் அப்படியே இருந்தது. அந்த இடத்தைக் காட்டினேன், சீடி இல்லாமலே வேலை முடிந்தது. எங்கிருந்தோ வந்த பிரதியில் என்ன வைரஸ் இருக்கிறது என்ற பயமும் இல்லை, எந்தப் பதிப்புக்கு எந்த எண் என்ற குழப்பமும் இல்லை. அந்தப் பெட்டிக்கு வந்தது அந்தப் பெட்டியிலேயே இருந்தது.

இவ்வளவு ஏன், மெய்நிகர் கணினியில் (ஒரு கணினிக்குள் மென்பொருளால் உருவாக்கும் இன்னொரு கணினி) போட்டிருக்கலாமே என்று என் மருமகன் கேட்டான். போடலாம், ஓடும். ஆனால் 1998இன் லைசென்ஸுக்கு அப்படியொரு பிராணி இருப்பதே தெரியாது. அந்தப் பெட்டியோடு கட்டிய உரிமத்தை என் புதிய லப்டொப்புக்குள் ஒரு ஜன்னலில் ஓட்டினால் அது அதே வன்பொருளா? நான் அப்படி வாசிக்க மாட்டேன். 2007இல் விண்டோஸ் விஸ்டா வந்தபோதுதான் மெய்நிகர் என்ற சொல் லைசென்ஸில் வெளிப்படையாக வந்து, வீட்டுப் பதிப்புகளுக்கு முதலில் மறுப்பு எழுதி, 2008 ஜனவரியில் அதையும் தளர்த்தினார்கள். சொல் இல்லாத காலத்து லைசென்ஸை, சொல் வந்த பிறகு நமக்கு வசதியான பக்கம் சாய்த்து வாசிப்பது சுலபம்.

மெசின் என் கடையில் ஓடிக்கொண்டிருந்ததை ஒரு பாடசாலையின் ஐசிடி (தகவல் தொழில்நுட்ப) மிஸ் பார்த்துவிட்டார். கண்காட்சிக்குப் பழைய கணினிகள் வேண்டும், பிள்ளைகள் தொட்டுப் பார்க்க வேண்டும் என்றார். அதிபர் கேட்பாராம், லைசென்ஸ் எல்லாம் ஒழுங்கா என்று. அக்காவின் மெசினை நான் கொடுக்கவில்லை. வீட்டுக்குள் ஓடவிடுவது வேறு, பிள்ளைகள் பென்டிரைவோடு வரிசையில் நிற்கும் இடத்தில் வைப்பது வேறு.

டொஸ், அதாவது கட்டளைகளை எழுத்தில் அடித்து ஓட்டும் பழைய இயங்குதளம், காட்ட வேண்டுமென்றால் ஃப்ரீடொஸ் போதும். மைக்ரோசொஃப்ட் எம்எஸ் டொஸ்ஸைக் கைவிடப்போகிறது என்று தெரிந்ததும் ஜிம் ஹோல் என்ற மாணவர் 1994 ஜூனில் தொடங்கியது. இன்றுவரை புதுப்பிக்கிறார்கள், பிள்ளைகள் பிரதி எடுத்துக்கொண்டு போனால் போகட்டும். எம்எஸ் டொஸ்ஸும் இப்போது இலவசம்தானே என்று மிஸ் கேட்டார். இந்தக் குழப்பம் நிறையப் பேருக்கு உண்டு. மைக்ரோசொஃப்ட் 2018இல் 1.25, 2.0 பதிப்புகளையும் 2024 ஏப்ரலில் 4.00ஐயும், யாரும் பாவிக்க, பகிர, மாற்ற விடும் எம்ஐடி உரிமத்தில் திறந்தது. நாம் எல்லாரும் பாவித்த 6.22 அதில் இல்லை. பெயர் ஒன்றுதான், பதிப்பெண் பார்க்காமல் 'டொஸ் இலவசமாகிவிட்டது' என்று சொல்லக்கூடாது.

லண்டனிலிருந்து திரும்பி வந்த ஒரு பெரியவர் தன் பழைய ஆப்பிள் கணினியான மக்கின்டோஷ் கிளாசிக்கைக் கண்காட்சிக்குத் தந்தார். டிஸ்க் செத்துவிட்டது. ஆனால் 1990இல் வந்த அந்தக் கிளாசிக்கில் ஒரு அருமையான ஏற்பாடு உண்டு. கமாண்ட், ஒப்ஷன், எக்ஸ், ஓ நான்கையும் அழுத்திக்கொண்டு ஓன் செய்தால் ரொம் (கரண்ட் போனாலும் அழியாத நினைவகம்) சிப்புக்குள்ளேயே இருக்கும் சிஸ்டம் 6.0.3 என்ற இயங்குதளத்தில் எழும்பும். நிறுவும் வேலையே இல்லை, அதனால் நிறுவலாமா என்ற கேள்வியும் இல்லை. நான்கு விரலில் அழுத்தத் தெரியாமல் பிள்ளைகள் இரண்டு பேராகச் சேர்ந்து அழுத்தினார்கள்.

ஆப்பிள் பக்கத்தில் ஒரு பழைய பகிடி இருக்கிறது. பின்னைய மெக் ஓஎஸ் லைசென்ஸ்கள் 'ஆப்பிள் பெயர் ஒட்டிய' கணினியில்தான் போடலாம் என்று எழுதின. பெட்டியோடு ஆப்பிள் ஸ்டிக்கர் இரண்டையும் இலவசமாகக் கொடுத்தார்கள். அதைத் தங்கள் சொந்தக் கணினியில் ஒட்டிவிட்டு, 'இதோ ஆப்பிள் பெயர் ஒட்டியாச்சு' என்று உலகம் முழுக்கச் சிரித்தார்கள். அப்படி ஆப்பிள் அல்லாத கணினிகளில் போட்டு விற்ற சைஸ்டார் என்ற நிறுவனம் அமெரிக்க நீதிமன்றத்தில் தோற்றது.

கண்காட்சியில் எனக்குப் பிடித்தது, இசட்80 என்ற பழைய ப்ரொசசரை வைத்து நானே பற்றவைத்த போர்டு. அதில் சிபி/எம் என்ற பழைய இயங்குதளம் ஓடியது. அதன் உரிமக் கதை தனிக்கதை. கேரி கில்டால் 1974இல் எழுதிய சிபி/எம், அவருடைய டிஜிட்டல் ரிசர்ச் நிறுவனத்தோடு 1991இல் நொவெல்லிடம் போனது, 1996இல் கல்டெராவிடம், பிறகு லினியோவிடம். 2001இல் லினியோவின் பிரயன் ஸ்பார்க்ஸ் ஒரு மின்னஞ்சல் எழுதினார். சிபி/எம்மைப் பாவிக்க, பகிர, மாற்ற உரிமை தருகிறேன் என்று. எவ்வளவு நல்ல மனிதர்! ஆனால் இடையில் ஒரு சொற்றொடர்: ஒரு குறிப்பிட்ட இணையதளத்தின் 'பகுதியாக'. அதோடு அந்தத் தளத்தின் சமூகமும்.

இதை இப்படிப் பாருங்கள்: கோயில் தர்மகர்த்தா, மடத்தில் அன்னதானம் சாப்பிடலாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். பார்சல் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகலாமா? சிலர் போகலாம் என்றார்கள், சமூகம் என்றால் நாமெல்லாரும்தானே என்று. சிலர் மடத்துக்கு வெளியே ஒரு பருக்கையும் போகக்கூடாது என்றார்கள். போர்டு கட்டி விற்பவர்கள் பயந்துகொண்டே சேர்த்தார்கள், சிலர் சேர்க்கவே இல்லை. இருபத்தொரு வருடம் இந்த இழுபறி. கடைசியில் 2022 ஜூலையில், அப்போது டிஆர்டொஸ் நிறுவனத்தின் தலைவராக இருந்த அதே ஸ்பார்க்ஸிடம் நேராகக் கேட்டார்கள். அவர் மறுபடி ஒரு பந்தி எழுதினார். இணையதளத்தின் பெயர் இல்லை, சிபி/எம்முக்கும் அதன் வழித்தோன்றல்களுக்கும் உரிமை, அவ்வளவுதான். கேட்க ஒருவர் உயிரோடு இருந்தார், பதில் சொல்ல மனமும் இருந்தது. எல்லா மென்பொருளுக்கும் அந்த அதிர்ஷ்டம் இல்லை.

அந்தப் பந்தியை அச்செடுத்து இசட்80 போர்டுக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்தேன். அதிபர் வந்து நின்று அதைத்தான் முழுதாக வாசித்தார். போர்டை அவ்வளவாகப் பார்க்கவில்லை.

திவசத்துக்கு முதல் நாள் அக்காவின் வீட்டுக்கு மெசினைக் கொண்டுபோனேன். பழைய மொனிட்டரில் விண்டோஸ் 98இன் முகில்கள் வந்து, தொடக்க இசை ஒலித்தது. அதைக் கேட்டுக் குசினியிலிருந்து இரண்டு பேர் ஓடி வந்தார்கள். திரையில் அப்பாவின் கோப்புறைகள் அப்பா வைத்த ஒழுங்கிலேயே கிடந்தன, 'கடன்காரர்' என்ற ஒன்று உட்பட. அதைத் திறக்க வேண்டாம் என்று அக்காவின் தம்பி சொன்னார்.

பெட்டியை மேசையில் தள்ளி வைக்கும்போது அக்கா பின்பக்கம் குனிந்து பார்த்தார்.

"இந்த ஸ்டிக்கர் முக்கியமெண்டு சொன்னீங்கள். மூலை கிளம்பினால் போயிடும். கழட்டி லேமினேட் பண்ணி வைக்கட்டோ?"

"ஐயோ அக்கா, தொடாதீங்கோ," என்றேன். பையிலிருந்து ஒரு துண்டு அகலமான ஒட்டுநாடாவை எடுத்து, அதன் மேலேயே ஒட்டிவிட்டு வந்தேன்.